கேள்வியில் இல்லாத நாற்று

"மூணு நாள் சார்," என்றாள் செவ்வந்தி.

சரியான விடை. ஆனால் நான் காத்திருந்தது அதற்கில்லை.

கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட கணக்கு இருந்தது. ஒரு வயலை ஆறு பெண்கள் நான்கு நாளில் நட்டு முடிக்கிறார்கள். எட்டுப் பெண்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?

கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் மாதிரி வகுப்பைப் பார்க்க வந்தவர். பிடித்துவிட்டால், மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கருத்தாளராக என் பெயரை எழுதிக்கொண்டு போவார்.

இவ்வளவு தூரம் நான் வந்ததற்குக் காரணமே செவ்வந்திதான்.

போன வருடம் அவள் ஏழாம் வகுப்பு. இதே கணக்கு பரீட்சையில் வந்தது. அவள் எழுதிய விடை எனக்கு இன்றும் மனப்பாடம்.

'பரம்பு அடித்துச் சமப்படுத்திய சேறு மூன்று நாள் கிடந்தால் இறுகிவிடும். பறித்த நாற்றும் வதங்கிவிடும். அதனால் இருபத்து நான்கு ஆள் விட்டு ஒரே நாளில் நட்டுவிடுவார்கள்.'

பூஜ்யம் போட்டேன்.

பிறகு கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சி. கல்வித் தத்துவம் என்று ஐந்து நாள் பேசினார்கள். பிள்ளை வெறுங்குடமாக வருவதில்லை, வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் ஏதோ கொண்டுவருகிறது, அதிலிருந்து பாடத்தைத் தொடங்கு என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கினோம். நானும்தான்.

கடைசி நாள், நீங்கள் செய்த ஒரு தவறைத் திரும்பிப் பார்த்து எழுதுங்கள் என்றார்கள். அந்த விடைத்தாள் நினைவுக்கு வந்தது. எழுத எழுதத் தூக்கம் போய்விட்டது.

ஆறை நான்கால் பெருக்கினால் இருபத்து நான்கு. கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கணக்கையும் போட்டு வயலையும் காப்பாற்றியிருக்கிறாள். அப்படித்தான் எழுதினேன். 'வயலைத் தெரியாதவன் போட்ட பூஜ்யம் அது' என்று முடித்தேன்.

மேடையில் படிக்கச் சொன்னார்கள். கை தட்டினார்கள். ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மாறினேன். அதில் பொய்யில்லை. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருந்தேன். தப்பாகச் சொன்னவனிடம் எப்படி யோசித்தாய் என்று கேட்டேன். வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். வகுப்பில் சத்தம் தாங்காமல் தலைமை ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செவ்வந்தி மட்டும் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், உட்கார்ந்துகொள்வாள். நூற்றுக்கு நூறு வாங்கினாள்.

இன்றைக்கு அந்த இருபத்து நான்கு அவள் வாயால் வர வேண்டும். அதிகாரி முன்னால் பெருமை அடித்துக்கொள்ளத்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அது வராவிட்டால் நான் மாறியதற்கு என்ன அர்த்தம்?

பத்து எண்ணினேன். இன்னொரு பத்தும் எண்ணினேன்.

ஜன்னலுக்கு வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. காலையில் வெறும் சேறாகக் கிடந்த வயலில் பாதிக்கு மேல் பச்சை ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார்கள். குனிந்திருந்த அந்த வரிசையில் செவ்வந்தியின் அம்மாவும் இருந்தாள்.

"நம்ம ஊர்ல நெசமாவே மூணு நாள் போட்டு நடுவாங்களாம்மா? அதுவரைக்கும் நாத்து என்ன ஆவும்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அது கேள்வியில இல்லீங்க சார்."

அலுவலர் அம்மாவின் பேனா ஓடுவது கேட்டது. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுது. நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க சார்."

நன்றி மேடம் என்று சொன்னதாக ஞாபகம்.

பூஜ்யம் போட்டதைக் கட்டுரையில் எழுதினேன். போட்ட பிறகு செய்ததை எழுதவில்லை. எழுதியிருந்தால் யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள்.

போன வருடம் விடைத்தாள் கொடுத்த அன்று அவளை எழுப்பி நிறுத்தி, அவள் விடையை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்தேன். பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்தேன். நாத்து கேள்வியில இருக்கா என்று கேட்டேன். அவள் தலை குனிந்து நின்றாள். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவைதான், இல்லீங்க சார் என்றாள். அப்புறம்தான் உட்காரச் சொன்னேன்.

அவள் எழுதியது சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். பறித்த நாற்று எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்குப் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே தெரியும். என் அம்மா நடவுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

இந்தப் பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.