பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ

பத்தாம் வகுப்பில் மொத்தமே ஏழு பேர். பிரிவுபசார நாளன்று, அவர்களுடைய ஐந்து வருடப் படங்களையும் பள்ளிக் கேமரா தானே கோத்துத் திரையில் ஓட்டியது. அந்த ஏழு பேரில் ஒருத்தியான தெய்வானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பதாவதோடு நின்று மீன் கம்பெனி வேலைக்குப் போன பிலோமினாவை ஒரு படத்திலும் காணவில்லை. கபடிக் கோப்பையை ஜெயித்துத் தந்தவளே அவள்தான்.

"பதிவேட்டுல பேரு நீக்குன பிள்ளைங்கள கேமராவே அழிச்சிடும்மா. நாம ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் தலைமையாசிரியர்.

தெய்வானை நேரே கம்பெனிக்குப் போய், பிலோமினாவை வேலை உடுப்போடு இழுத்துவந்து குரூப் போட்டோவுக்கு நடுவில் நிறுத்தினாள்.

"நான் எதுக்குடி? எப்படியும் அழிக்கப்போகுது."

"அழிக்கட்டும். நீ நில்லு."

ஏழு பேரும் நெருங்கி, அவள் தோளில் ஆளுக்கொரு கை போட்டார்கள்.

படம் வந்தது. பிலோமினா இருந்த இடத்தில் பள்ளிச் சுவர்தான் தெரிந்தது. ஆனால் பேர் உள்ளவர்களின் விரலைக்கூட அழிக்கக் கேமராவுக்கு அனுமதியில்லை. சுவருக்கு முன்னால் ஏழு கைகள் அந்தரத்தில் யாரையோ அணைத்துக்கொண்டிருந்தன.

"இத எப்படிம்மா ஆபீசுல மாட்டுறது? பாக்கறவங்க எல்லாம் நடுவுல யாருன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும் சார்," என்றாள் தெய்வானை. "அதுக்குத்தான்."