அத்தைக்கு ஒரு மீன்

"அது வேணாம் அத்தை. நமக்கு ஒத்து வராது."

வண்ண மீன் கடையில் நாலு பேர் பார்க்க, மாமியாரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அடுத்த தொட்டிக்குக் கூட்டிப் போய்விட்டாள் மருமகள்.

மாமியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மகன் சொன்னது என்ன? தொட்டி உன் ரூமுக்குத்தாம்மா, மீனு, கல்லு, செடி எல்லாம் நீயே பாத்து எடு என்றுதானே சொன்னான். சொன்னவன் போன் வந்ததென்று தெருவில் இறங்கிப் பேசிக்கொண்டிருந்தான். பல் டாக்டர் வீட்டு மீன் தொட்டியை அவள் ஒரு நாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததை ஞாபகம் வைத்திருந்து செய்கிறான். நல்ல பிள்ளைதான்.

ஆனால் அந்த 'பாத்து எடு' என்பதில்தான் வினையே இருந்தது.

ஆறு மாதமாக அவளுக்கு இரண்டு கண்ணிலும் ஆவி படிந்த மாதிரி ஒரு மங்கல். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு தரம் கை நடுங்கியது என்பதற்காக இஸ்திரிப் பெட்டியையே தூக்கிப் பரணில் போட்டவன் மகன். கண் விஷயம் தெரிந்தால் அடுத்த நிமிடமே அடுப்படிக்குள் விடமாட்டான். சமையலும் கைவிட்டுப் போனால் அந்த வீட்டில் அவளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

அதனால் கடைக்குள் நுழைந்ததிலிருந்து நடிப்புதான். கடைக்காரர் விரல் நீட்டிய இடத்திலெல்லாம் அழகா இருக்கு, அழகா இருக்கு என்று தலையாட்டினாள். பொடிப் பொடி மீனாகக் காட்டி அவர் கப்பி என்றார், டெட்ரா என்றார். அவளுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. வாசலோரத் தொட்டியில்தான் கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலம், நல்ல நீலம், குறுக்கே மஞ்சள் பட்டை. அப்பாடா என்றிருந்தது.

"இதையே குடுத்துடுங்க. எவ்வளவு அடக்கமா நிக்குது பாருங்க."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் மருமகள் குறுக்கே விழுந்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் அவள் ராஜ்ஜியம். கலர் கல் வேண்டாம், வெள்ளை மணல் போதும். கோட்டை பொம்மை வேண்டாம். தொட்டிக்குப் பின்னால் படம் கிடம் ஒட்டக் கூடாது, வெறும் வெள்ளைத் தாள். கூட்டமாக ஓடுகிற பொடி மீன் எதுவும் வேண்டாம். பெரிய வால் வைத்த ஃபைட்டர் மீன் ஒன்றே ஒன்று, அதுவும் ரத்தச் சிவப்பில். அதுக்கு ஒளிஞ்சுக்க இலை வேணும்மா என்று கடைக்காரர் மன்றாடிய பிறகு மூலையில் ஒரே ஒரு செடிக்கு உத்தரவு கிடைத்தது.

ஃபில்டர் மூன்று வாரம் ஓடித் தண்ணீர் பக்குவப்படட்டும், மீனை அப்புறம் தருகிறேன் என்று தொட்டியை மட்டும் கொடுத்தனுப்பினார்.

மூன்று வாரமும் வெறும் தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்து மாமியார் பொருமிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லித்தான் மனசை ஆற்றிக்கொண்டாள். என் ரூமு, என் தொட்டி, ஒரு மீன் எடுக்க எனக்குப் பாத்தியதை இல்லை, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வெள்ளை வெளேர்னு ஆக்கி வெச்சிருக்கா என்றாள். இந்தக் காலத்து மருமகள்களே இப்படித்தான் என்று அவளும் ஒத்து ஊதிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகனும் மருமகளும் போய் மீனை வாங்கி வந்தார்கள். கால் மணி நேரம் பையோடு மிதக்கவிட்டு, அப்புறம் பையைத் திறந்தாள் மருமகள்.

வெள்ளை மணலுக்கு மேலே அந்தச் சிவப்பு வால் விரிவதும் சுருங்குவதும் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் மூன்று வாரத்துப் பொருமல் அடங்கவில்லை.

"என்ன இருந்தாலும், வாசலோரத் தொட்டியில நான் கேட்ட நீல மீன் மாதிரி வருமா? அதை வேணாம்னுட்டா உன் பொண்டாட்டி."

மகன் நெற்றியைச் சுருக்கினான்.

"மஞ்சப் பட்டை போட்டதா? அது மீன் இல்லம்மா. பின்னாடி ஒட்டியிருக்கிற படம். அந்தத் தொட்டியில மீனே கிடையாது. இன்னைக்குக்கூடப் பாத்தேன்."

மகன் அவள் முகத்தையே பார்த்தான்.

"அம்மா, உனக்குக் கண்ணு..."

"நானும் நிஜம்னுதாங்க நினைச்சேன்," என்றாள் மருமகள், காலிப் பையை மடித்தபடி. "குமிழி ஓடற தொட்டிக்குப் பின்னாடி ஒட்டினா யாருக்குத்தான் தெரியும்? விலை கேக்கவே போயிட்டேன். அப்புறம்தான் படம்னு புரிஞ்சுது. வெக்கமாப் போய் அத்தையை இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமியாரும் மருமகளும் சேர்ந்து காகிதத்துக்கு விலை பேசியிருக்கீங்களே என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனான்.

குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மருமகள் கடுகளவு தீனியைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், அத்தை. புரையா இருந்தா சின்ன ஆபரேஷன்தானாம். அவருகிட்ட இப்போதைக்கு மீன் தீனி வாங்கப் போறோம்னு சொல்லிக்கலாம்."

மாமியார் தொட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"உப்பு டப்பாவுக்கு மட்டும் சிவப்பு மூடி வாங்கிப் போட்டேன்ல அத்தை, அதுக்கு மொத நாள்லேர்ந்து."