நிற்கத் தெரியாத வண்டி

"சார், இந்த வண்டி ஓடித் தேயலை. நின்னு நின்னே தேஞ்சிருக்கு."

மெக்கானிக் சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, மனைவி பட்டறைக்கு வெளியே நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அவர் எல்லோருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். ஓய்வு பெற்ற கையோடு ஆசை ஆசையாக வாங்கிய கேம்பர் வண்டி அது. பின்னால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குட்டி ஜன்னல். வாங்கும்போதே கிழம். இப்போது எஞ்சின் பிரிந்து பலகை மேல் பரப்பிக் கிடந்தது.

"எதை வச்சுச் சொல்றீங்க தம்பி?"

மெக்கானிக் எண்ணெய் வழியும் தண்டு ஒன்றை வெளிச்சத்தில் உருட்டிக் காட்டினார். "இதுதான் கேம் ஷாஃப்ட். இந்த மேடெல்லாம் சுத்தினாதான் எஞ்சின் மூச்சு விடும். வண்டி ஓடுறப்போ இதுக்கு எண்ணெய் நல்லா கிடைக்கும். நிறுத்தி வச்சு எஞ்சினை மட்டும் ஓட விட்டா சரியா கிடைக்காது. பாருங்க, மேடெல்லாம் வழுக்கையாயிடுச்சு. கார்புரேட்டரும் போயாச்சு. அம்மா என்னமோ மாசாமாசம் மீன் பிடிக்க மலைக்குப் போற வண்டின்னாங்க?"

"மெதுவாப் பேசுங்க," என்றார் மாஸ்டர்.

மீன் பிடிக்க என்று சொல்லிவிட்டு அவர் போவது மலைக்கு இல்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் மகள் வீட்டுத் தெருமுனைக்கு. மகளின் புது வீட்டு ஜன்னல் திரையைப் பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே" என்று மனைவி வாய் தவறிச் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை வளர்ந்து, "இனி இந்த வாசப்படியை நாங்க மிதிக்க மாட்டோம்" என்பதில் போய் முடிந்திருந்தது. தன்னையும் சேர்த்துக்கொண்டு சொல்லிவிட்டாளே என்பதுதான் மாஸ்டரின் குறை. வாழ்நாளெல்லாம் ரயில்களுக்குப் பச்சைக்கொடி காட்டியவர்தான். வீட்டில் கொடி மனைவியின் கையில்.

அவர் வாசற்படியை மிதிக்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடி பேத்தி சைக்கிள் விடுவதைப் பார்ப்பார், அவ்வளவுதான். யாராவது பார்த்துவிட்டால் சட்டென்று கிளம்ப வேண்டுமே என்று எஞ்சினை அணைப்பதே இல்லை.

இதையெல்லாம் அவர் முணுமுணுத்து முடிக்கும்வரை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு ஜோடி உதிரிபாகங்களை எடுத்து வைத்தார்.

"இந்த கேம் ஷாஃப்ட், சின்ன கார்புரேட்டர், இது சாது. நிறுத்தி வச்சா பூனை மாதிரி முனகிக்கிட்டே கிடக்கும், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. ஏத்தத்துல மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். இன்னொண்ணு முரடு. மிதிச்சா மலையில பறக்கும். ஆனா நிறுத்தினா குலுங்கும், இருமும், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடும்."

"சாதுவையே போடுங்க."

"யாரு சாது?" என்றபடி மனைவி உள்ளே வந்தாள்.

மெக்கானிக் இரண்டு ஜோடியைப் பற்றியும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"மலைக்குப் போற மனுஷனுக்குப் பூனை எதுக்கு? முரடையே போடுங்க தம்பி."

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா வேகம்?" என்றார் மாஸ்டர்.

"ஏத்தத்துல திணறுது, அதான் லேட்டுன்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். மாஸ்டர் வேறு காரணம் தேடினார். "சிக்னல்ல நின்னா அணைஞ்சிடுமாம்."

"திரும்பக் கிளப்பிக்கிறது."

"சத்தம் வேற. மீனெல்லாம் ஓடிடும்."

"வண்டியைத் தண்ணிக்குள்ளயா நிறுத்துறீங்க? ஒவ்வொரு தடவையும் பை நிறையத்தானே கொண்டு வர்றீங்க. உட்கார்ந்து கழுவுறவ எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் குனிந்து இல்லாத ஸ்பேனரைத் தேடினார்.

மாஸ்டரிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. தெருமுனையில் இருமிக்கொண்டு நிற்கும் வண்டியை நினைத்துப் பார்த்தார். தெருவே ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்க்கும். இனி அங்கே போக முடியாது. பேத்தி இப்போதுதான் சைக்கிளில் ஒரு கையை விட்டு ஓட்டப் பழகியிருந்தாள்.

"சரி, உன் இஷ்டம்," என்றார்.

மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. சார் வண்டியை ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிறுத்துறவர். அவருக்கு இந்தச் சாதுதான் சரிப்படும்."

மாஸ்டர் கண்ணால் ஜாடை காட்டினார். அதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"தெரியும் தம்பி," என்றாள் அவள், குரல் உயராமல். "மலை ஓடையில மத்தி மீன் பிடிச்சுட்டு வந்த ஒரே மனுஷன் இவர்தான். கடல் மீன் எதுன்னுகூடவா எனக்குத் தெரியாது? போன மாசம் டாக்சி பிடிச்சு இவர் பின்னாடியே போனேன்." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க தெருவுக்கு இந்த முனையில நின்னீங்க. நான் அந்த முனையில நின்னேன்."

அவள் எழுந்து முரட்டு ஜோடியை மெக்கானிக் பக்கம் தள்ளினாள். "இதையே போடுங்க. பொண்ணு வீட்டு வாசல்ல போய் நின்னதும் வண்டி அணைஞ்சிடணும், நாங்க ரெண்டு பேரும் இறங்கித்தான் ஆகணும்."