ஐந்து ஊர்ப் புகை

ஐந்தாவது பெயருக்குக் கீழே மோனிகா போட்ட அடிக்கோட்டில் தாளே கிழிந்துவிட்டது. கிழியட்டும், கலெக்டருக்குத் தன் கோபம் கையெழுத்திலேயே தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை திருவள்ளூரில் குறைதீர்க் கூட்டம். ஊர்க்கோடி உருக்காலையின் புகை ஐந்து பெண்களைக் கொன்றுவிட்டது என்று மனு தயார். புகையால்தான் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும், ஆலைக்குப் பூட்டு. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்தில், புற்றுநோய் விழிப்புணர்வு முகாமில் முதல் வரிசையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

மோனிகா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அவர்கள் வீட்டில் படி தாண்டி காலேஜுக்குப் போன முதல் ஆள். பட்டம் வாங்கி ஐந்து வருஷத்தில் அவளுக்கு வேலை நிலைத்ததோ இல்லையோ, மனு எழுதுவது நிலைத்துவிட்டது. இதுவரை எழுதிய பதினொன்றில் ஒன்று பலித்தது. தெருவிளக்கு வந்தது, பக்கத்துத் தெருவுக்கு.

வாசலிலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டிருந்தது. குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருப்பவர்கள்தானே. அப்பா, அம்மா, தம்பி குணா, அவள். நாலு பேரும் கல் மாதிரி இருக்கிறார்கள். 'இல்லை' என்பதைப் பட்டையாக டிக் அடித்துக் கொடுத்தாள்.

மனுவுக்கு விவரம் சேர்க்க அவள் எங்கும் அலையவில்லை. ஐந்து சாவுக்கும் கோடிப்புடவை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றவர் அப்பா மணவாளன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே வயது, மாதம், உடம்பில் எந்த இடத்தில் வந்தது என்று வரிசையாகச் சொன்னார். ஐந்தாவது பெயரைச் சொன்னதும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மோனிகா எழுதுவதை நிறுத்தவில்லை.

தாலுகா ஆபீசில் கற்ற முறைப்படி கட்டம் கட்டி எழுதியிருந்தாள். பெயர், கணவர் பெயர், கணவர் ஊர், வயது, நோய். 'கங்கம்மா, க/பெ சரவணன், கவரைப்பேட்டை, 41, மார்பகம்' என்று தொடங்கி ஐந்து வரி, ஐந்து ஊர்.

மேடையில் டாக்டர் கிறிஸ்டினா பேசினார். எல்லாக் கேன்சரும் வழிவழியாக வருவதில்லை, ஆனால் சிலது வரும் என்றார். மார்பகம், சினைப்பை என்று ஒரே ரத்தவழியில் இரண்டு மூன்று பெண்களுக்குச் சின்ன வயதிலேயே வந்திருந்தால், மற்றவர்கள் உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முன்கூட்டியே வந்து பார்க்க வேண்டும். அம்மா வழி மட்டுமில்லை, அப்பா வழியிலும் வரும் என்றார்.

மோனிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள்.

"இன்னா டாக்டர், அவன் புகைய வுடுவான், நாங்க செத்தா எங்க ரத்தத்துலதான் கோளாறுன்னு சொல்லுவீங்களா?"

பின்னால் இரண்டு பேர் கைதட்டினார்கள். இரண்டு கைதட்டல் போதும் மோனிகாவுக்கு, ஒரு நாள் முழுக்கப் பேசுவாள்.

டாக்டர் கோபப்படவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார். புகை கெடுதல்தான், அதற்கு மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இந்த ஐந்து பேருக்கும் அதனால்தான் வந்தது என்று எழுத வேண்டுமென்றால் முதலில் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று கை நீட்டினார்.

அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. மூன்று மார்பகம், இரண்டு சினைப்பை. எல்லாம் முப்பத்தாறிலிருந்து நாற்பத்து நாலுக்குள். கடைசி வரியில் விரல் நின்றது.

"கடம்பத்தூர் இங்கேருந்து எவ்ளோ தூரம். அது வரைக்குமா இந்தப் புகை போகுது?"

"காத்து இன்னா டவுன் பஸ்ஸா டாக்டர், ஸ்டேஜ் பாத்து நிக்கறதுக்கு?"

மண்டபமே சிரித்தது. தன் பதிலை மோனிகாவே இரண்டு முறை மனதுக்குள் சொல்லி ரசித்துக்கொண்டாள். அந்தந்த ஊரில் அக்கம்பக்கத்தில் வேறு யாருக்காவது வந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, அது சர்க்கார் எடுக்க வேண்டிய கணக்கு, என்னைக் கேட்டால் எப்படி என்று மடக்கினாள்.

டாக்டர் அந்தத் தாளை மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதெல்லாம் யாராவது சொல்லக் கேட்டு எழுதினதாம்மா? வயசு, மாசம், எந்த எடத்துல வந்துச்சு... அஞ்சு ஊர்ப் பொம்பளைங்க விஷயம் வெளியாளுக்கு இவ்ளோ திட்டமா எப்படித் தெரியும்?"

வெளியாள். அந்த ஒரு சொல் மோனிகாவுக்குச் சுரீர் என்றது. படித்த பெண் எழுதிய மனுவைப் பொய் என்கிறார்களா? முன்னால் குனிந்து, டாக்டர் கையிலிருந்து தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். உலகத்தில் யாரும் மறுக்கமுடியாத அத்தாட்சி அவளிடம் இருந்தது. அதை மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அஞ்சு பேருமே எங்கப்பா கூடப் பொறந்தவங்க."