அறுபத்து நாலாவது கடிதம்

“மறுபடியும் அதே இடமா?” என்று கேட்டாள் டோருன்.

“அதேதான். அறுபத்து மூணு கடிதம் ஒழுங்கா வருது. அறுபத்து நாலுல நின்னுடுது,” என்றான் ஹால்வார்.

ஆகஸ்டில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் வீட்டுக்கு நகராட்சி அனுப்பும் வரவேற்புக் கடிதங்கள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கடிதங்களைத் தயாரித்து, கடைசியில் மொத்தமாக அச்சடிக்கும் மேக்ரோ என்ற சிறு கணினி நிரலை எழுதியவன் ஹால்வார்தான். போன வருடம் ஒரே மூச்சில் ஓடியது. இன்று இரண்டு மணித் தபாலில் கடிதங்கள் போயாக வேண்டும். மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

மூன்று மாத விடுப்பு முடிந்து போன வாரம்தான் அவன் வந்திருந்தான். அலுவலகத்தில் எல்லோரும் அவனிடம் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அவன் இல்லாதபோது வேலைக்குச் சேர்ந்த டோருன் மட்டும் வாய்க்கு வந்தபடி கேலி செய்தாள். அது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

“நீ மாசக்கணக்குல ஜாலியா பனிச்சறுக்குப் போயிட்டே. கம்ப்யூட்டர் கோவிச்சுக்கிச்சு. எங்கே, ஓட்டு பார்ப்போம்.”

ஓட்டினான். திரையின் அடியில் எண் ஏறியது. அறுபத்து ஒன்று, இரண்டு, மூன்று. ‘இயக்கம் தடைபட்டது’ என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

“மேக்ரோவுல தப்பே இல்லையே!” டோருன் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். “இது பேய் நிறுத்தம்ப்பா. சோதனை பண்றப்போ, நடுவுல நிக்கட்டும்னு ஏதாவது ஒரு வரியில நிறுத்தக் குறி வெச்சிருப்பே. அப்புறம் எடுத்திருப்பே. அது போயிடுச்சுன்னு கம்ப்யூட்டருக்கு மட்டும் உறைக்காது. அங்கே வந்ததும் நின்னுடும்.”

“அப்படியும் நடக்குமா?”

“எத்தனை பார்த்திருக்கேன்! அந்த வரியை வெட்டி மறுபடி ஒட்டினா சரியாயிடும்.”

வெட்டினாள், ஒட்டினாள். அவன் ஓட்டினான். அறுபத்து நாலில் நின்றது.

“சனியன்! நீ போய்க் காபி கொண்டு வா. உன் மூஞ்சியைப் பார்த்தாலே அது நின்னுடுது.”

“நான் வர்ற வரைக்கும் ஓட்டாதே, டோருன்.”

“சரி, சரி, போ.”

இரண்டு கோப்பைகளோடு அவன் திரும்பியபோது பிரிண்டர் ஓடும் சத்தம் நடைவழியிலேயே கேட்டது.

“நூத்திப் பன்னிரண்டும் வந்துடுச்சு!” டோருன் குதிக்காத குறை. “நான் ஒண்ணுமே பண்ணலை, சும்மா ஓட்டினேன். அந்த அறுபத்து நாலு யாருன்னு எடுத்துப் பார்த்தா, அட கள்ளா, உன் வீட்டு விலாசம்! சிக்னே உன் பொண்ணா? ஸ்கூல் போகப் போறாள்னு சொல்லவே இல்லையே! வெள்ளிக்கிழமை கேக் உன்னோடதுதான்.”

ஹால்வார் கோப்பைகளை மேசைமேல் வைத்தான். காபி சிந்தியிருந்தது. கடிதத்தை வாங்கி, கசங்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“பட்டியல் டிசம்பர்ல எடுத்தது,” என்றான். “ஜனவரியில அவளை அடக்கம் பண்ணிட்டோம். அவ பேரை அழிக்கவும் எனக்குக் கை வரலை, கடிதமா வர்றதைப் பார்க்கவும் முடியலை. அதான் அவ முறை வந்தப்பல்லாம் எஸ்கேப் பொத்தானை அமுக்கி நானே ஓட்டத்தை நிறுத்தினேன்.”