ஞாயிற்றுக்கிழமை வலை

நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் சோற்றுப் பார்சலும் தோடம்பழமுமாக வருவார்கள். சூசைப்பிள்ளைச் சம்மாட்டி மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோளில் ஒரு சாக்கோடு வருவார்.

சாக்குக்குள் கிழிந்த வலை.

நிலாவெளி யோகலிங்கம் அவருடைய வள்ளத்தில் தொழில் செய்தவன். கரைக்கு இழுக்கும்போது அந்த வள்ளம் சரிந்து அவனுடைய தொடையெலும்பை முறித்துப் போட்டது. எலும்பு ஒட்டுவேனா என்று அடம்பிடித்ததில், கால் கம்பியில் தொங்க ஏழு மாதமாக மல்லாந்து கிடக்கிறான்.

அப்படிக் கிடக்கிறவனின் நெஞ்சின்மேல் வலையைப் போட்டு, "வாற ஞாயிறுக்கிடையிலை கிழிசலைப் பொத்தி வை, தம்பி. தொழில் கிடக்குது" என்பார் சம்மாட்டி. கொஞ்சநேரம் கதைத்திருந்துவிட்டு, போன கிழமை கொடுத்ததைச் சாக்கில் திணித்துக்கொண்டு போய்விடுவார்.

தாதி கிறிஸ்டின் மிஸ்ஸி இந்த வாட்டுக்கு மாறி வந்து மூன்று கிழமைதான். மூன்று ஞாயிறும் பார்த்தாள். மூன்றாவது ஞாயிறு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ. இது ஆசுப்பத்திரியோ, உங்கடை மீன் வாடியோ?"

"ஏன் மிஸ்ஸி?"

"கால் முறிஞ்சு கிடக்கிற மனுசனிட்டையும் வேலை வாங்க உங்களுக்கு மனம் வருதோ?"

சம்மாட்டி தலையைச் சொறிந்தார். "ஆள் காணாது மிஸ்ஸி. இவன்ரை கை மாதிரி வேறை ஆருக்கும் வராது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வாற ஞாயிறு இந்தச் சாக்கு வாட்டுக்குள்ளை வந்தால் நான் டொக்டரிட்டைச் சொல்லுவன்."

அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டார். குனிந்த தலையோடு போனார். அந்தப் போக்கும் கிறிஸ்டினுக்குத் திமிராகத்தான் பட்டது.

"விடுங்கோ மிஸ்ஸி. வலை நாறேல்லைத்தானே" என்றார் அற்றன்டன் ஜமால்தீன்.

"பிரச்சினை நாத்தமில்லை ஜமால்தீன், நியாயம்!" என்றாள் அவள். சொல்லும்போது அவளுக்கே தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவளுக்குப் பின்னேர வேலை. பஸ் வேளைக்கு வந்துவிட்டது. ஆசுப்பத்திரி மதிலோரம், வேப்பமரத்துக்குக் கீழே யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. கிட்டப் போனால், சம்மாட்டி. மடியில் வலை. கையில் மீன் வெட்டுகிற கத்தி.

பொத்தி முடித்த நல்ல வலையை மனுசன் கண் கண்ணாக அறுத்துக்கொண்டிருந்தார்!

"என்ன ஐயா செய்யிறீங்கள்?"

சம்மாட்டி திடுக்கிட்டுக் கத்தியைச் சாறத்துக்குள் ஒளித்தார். களவெடுத்துப் பிடிபட்ட சின்னப்பிள்ளை மாதிரி முழித்தார்.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. இது பழைய பருத்தி வலை. இவன் விழுந்த பிறகு இது கடலைக் காணேல்லை. இப்ப எங்களிட்டை முழுக்க நைலோன்."

"அப்ப ஏன் இதைக் கொண்டந்து..."

"நீங்கள் அவனை முதல் ரெண்டு மாசமும் காணேல்லை. சுவரைப் பாத்தபடி கிடப்பான். சோறும் இல்லை, கதையும் இல்லை. 'என்னைத் தூக்கிக் கடலிலை போடுங்கோ சம்மாட்டியார்' எண்டு ஒருநாள் சொன்னான்." அவர் மடியிலிருந்த வலையைத் தடவினார். "அடுத்த நாள் இந்த வலையைக் கொண்டந்து போட்டன். முதல் கை அசைஞ்சுது. பிறகு வாய் திறந்துது. தான் இல்லாட்டித் தொழில் நிண்டுபோம் எண்டு நினைச்சுத்தான் அவன் சாப்பிடுறான்."

கிறிஸ்டின் குனிந்து, அறுந்த கண்ணொன்றை விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"வாடியிலை வைச்சு அறுத்தால் பெடியள் காணுவாங்கள். கதை இவன்ரை காதுக்கு வந்திடும். அதுதான் இஞ்சை வந்து அறுக்கிறனான். ரெண்டே ரெண்டு வலைதான், மாறி மாறிக் குடுக்கிறன்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை."

அன்றைக்கு அந்தச் சாக்கைக் கிறிஸ்டினே தூக்கிக்கொண்டு வாட்டுக்குள் போனாள். ஜமால்தீன் வாயைப் பிளந்து பார்த்தார்.

"இந்தமுறை சுறா விழுந்து நாசமாக்கிப் போட்டுது, தம்பி" என்றார் சம்மாட்டி.

"அடேயப்பா! பெரிய சுறாவாக்கும்" என்றான் யோகலிங்கம். அவனுடைய முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இரண்டு பேரும் மணியடிக்கும்வரை கடலையும் காற்றையும் பற்றியே கதைத்தார்கள்.

சம்மாட்டி போனபின் கிறிஸ்டின் மருந்தோடு வந்தாள். போன ஞாயிறு பேசிய பேச்சு அவளுக்கு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் போலிருந்தது.

"நல்லாத்தான் கிழிச்சிருக்குது சுறா. கிழமைக்குள்ளை முடிக்க ஏலுமோ?"

யோகலிங்கம் மருந்தை விழுங்கிவிட்டுக் கடகடவென்று சிரித்தான்.

"மிஸ்ஸி, நான் பத்து வயசிலையிருந்து கடல்தொழில். சுறா கிழிச்சதுக்கும் கத்தி அறுத்ததுக்கும் வித்தியாசம் தெரியாதோ? நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதோ? வலை வந்த முதல் மாசமே கண்டுபிடிச்சிட்டன்."

கிறிஸ்டின் தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"பிறகேன் பேசாமல் இருக்கிறீங்கள்?"

அவன் அறுந்த ஒரு கண்ணைத் தேடிப் பிடித்து ஊசியைக் கோத்தான்.

"தன்ரை வள்ளம்தானே என்ரை காலை முறிச்சது எண்டு அந்த மனுசன் உள்ளுக்குள்ளை செத்துக்கொண்டிருக்கிறார், மிஸ்ஸி. வெறுங்கையோடை வந்து என்ரை முகத்தைப் பார்க்க அவராலை ஏலாது. இந்த வலை இருக்கிறபடியால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலமெண்டாலும் வந்திருந்து சிரிச்சுப்போட்டுப் போறார். அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."