கடித்த சாக்பீஸ்

மகனும் மருமகளும் படுக்கும் அறையைக் கூட்டப் போன மாமியார், தலையணைக்கு அடியில் கடித்த சாக்பீஸ்களைக் கண்டதும் பூரித்துப்போனார்.

"மசக்கைல இதெல்லாம் தின்னத் தோணும்மா. நீ ஒரு வேலையும் செய்யாத."

இரண்டு நாள் மருமகளை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர், மூன்றாம் நாள் மகனையும் துணைக்கு இழுத்துக்கொண்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

மாமியார் எடுத்துக் காட்டிய சாக்பீஸ்களைப் பார்த்த டாக்டர், "இரும்புச்சத்து குறைஞ்சாலும் இப்படித் தோணும். ரத்தம் எடுக்கணும், கையை நீட்டுங்கம்மா" என்றார்.

மருமகள், பள்ளிக்கூட வாத்தியாரான தன் கணவனின் கையைப் பிடித்து நீட்டினாள். "தின்னது இவர்தான் டாக்டர். மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. ஊசிக்குப் பயந்து வரவே மாட்டேன்னார். துணைக்குன்னா வருவாரேன்னுதான் நான் வாயைத் திறக்கல."

"அப்போ குழந்தை?" என்றார் மாமியார்.

டாக்டர் ஊசியை எடுத்தார். "உங்க குழந்தையைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்குங்கம்மா."